ஸ்டெப்னி பீச்சும் தண்ணீர்

புதுப்பேட்டையில் காலையில் ஒரு காரை நிறுத்திவிட்டுப் போனால் மாலையில் அதையே சாமான் சாமானாக விலைக்கு வாங்கலாம் என்று சென்னைக்காரர்கள் கிண்டலடிப்பது வழக்கம். அந்தத் துணிச்சலான பேட்டையின் ஒரு சந்தில் 1970 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று முன்மூடியைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். எதிரே, கிரீஸ் துணியில் கை துடைத்தபடி மெக்கானிக். சந்துக்கே அவர் பாய்.

வியாதி சின்னதுதான். கண்ணாடி கழுவும் வாஷரில் தண்ணீர் வரவில்லை.

“மாருதி 800 வாஷர் மோட்டார் ஒண்ணு கிடக்கு சார். பாட்டிலோட மாட்டிடறேன். டீ குடிச்சுட்டு வாங்க, முடிஞ்சிருக்கும்.”

அம்மனுக்குப் பிளாஸ்டிக் மூக்குத்தி போடச் சொன்னதுபோல் மேனேஜர் பதறினார். “இந்த வண்டியில வாஷருக்கு மோட்டாரே கிடையாது பாய்.”

“அப்போ தண்ணியை யார் பீச்சுவா?”

“ஸ்டெப்னி.”

பாய் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. காரணம், அவர் சொன்னது உண்மை.

எஞ்சினைப் பின்னாலும் டிக்கியை முன்னாலும் வைத்த ஜெர்மானியர்கள் வாஷரிலும் தங்கள் வழியில்தான் போனார்கள். 1968 மாடலிலிருந்து பீட்டிலின் தண்ணீர் பாட்டில் முன்டிக்கியில் ஸ்டெப்னியை ஒட்டியே இருக்கும். டயர் வால்விலிருந்து ஒரு குழாய் பாட்டிலுக்குப் போகிறது. டயரின் காற்று தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டில் வைப்பர் குமிழின் நடுவை அமுக்கினால் வழி திறந்து, கண்ணாடியில் தண்ணீர் பீச்சும். மோட்டாரும் இல்லை, ஒயரும் இல்லை. இந்தக் கூடுதல் வேலைக்காகவே ஸ்டெப்னியில் 42 பிஎஸ்ஐ காற்று அடைக்கச் சொல்கிறது கம்பெனிக் கையேடு. கஞ்சத்தனம் என்று சிலர் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

“பஞ்சரானா மாத்தறதுக்கு வெச்சிருக்கிற டயரு. அதுல இருக்கிற காத்தை கண்ணாடி கழுவியே காலி பண்ணிடுவீங்க, அப்படித்தானே?”

“காலியாகாது. ஓரளவுக்குக் கீழ இறங்காம அடைக்கிற வால்வு இருக்கு.”

“ஐம்பது வயசு தாண்டின வால்வு.”

மேனேஜர் பதில் சொல்லவில்லை. போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் அது அப்பளமாக இருந்தது. வாஷர் குழாயின் விரிசல் வழியாகக் காற்று முழுவதும் என்றைக்கோ போயிருக்கிறது. வீட்டில் கேட்டபோது, கோவளத்தில் காற்று வாங்க நின்றோம் என்று சொல்லிவைத்தார். ஒரு வகையில் அது பொய்யும் அல்ல.

பாய் குமிழைக் கழற்றினார். தண்ணீர்க் குழாய் அந்த சுவிட்சுக்குள்ளேயே வந்து போகும். உள்ளே ஒழுகினால் சொட்டுவது ஒயர்மேல், அதற்கும் கீழே ஓட்டுபவரின் முழங்கால்மேல். “காத்துல குளிர்ற எஞ்சின், ரேடியேட்டர் கிடையாது. பேட்டரியை விட்டா இந்த வண்டியில தண்ணி ஊத்தற இடமே இது ஒண்ணுதான். அதுவும் உங்க மடியில ஊத்துது.”

“அதுக்காக மாருதி மோட்டாரா? சட்டம் இருக்கு பாய். 2021 ஜூலையில மத்திய அரசு விதி போட்டிருக்கு. ஐம்பது வயசு தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியலாம், ‘விஏ’ போட்ட நம்பர் தருவாங்க. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா வண்டி அசல் வடிவத்துல இருக்கணும்.”

“எதை மாத்தக் கூடாதாம்?”

“சேஸிஸ், பாடி, எஞ்சின்.”

“வாஷர்?”

“...அது என் சட்டம்.”

இதற்கு மேல் வாதாடிப் பயனில்லை என்று பாய்க்குப் புரிந்தது. ஆனாலும் கடைசி முயற்சியாக ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து சொருகினார். ஸ்டெப்னியில் காற்று ஏறியது, குழாய் பிய்த்துக்கொண்டது, வெள்ளைச் சட்டை நனைந்தது. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கத்தான் அந்தக் குழாய். 42 பிஎஸ்ஐயைத் தாங்க அல்ல.

ஆக, சாமான் தேட வேண்டும். பீட்டில்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். கடைசி வண்டி மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையை விட்டு இறங்கியது 2003 ஜூலை 30 அன்று; அதுவரை உருவானவை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். இத்தனை வண்டிக்குச் சந்தை இருப்பதால் பாட்டில், மூடி, குழாய், முனை எல்லாவற்றையும் யாரோ இன்னும் செய்கிறார்கள். 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கதை வேறு. உள்ளூரில் பிறந்த அந்த வண்டிக்கு ஒரு ரப்பர் வேண்டுமென்றால், அதன் அக்காவான டிரையம்ப் ஹெரால்டை இன்னும் போற்றுகிற இங்கிலாந்தில்தான் பெரும்பாலும் தேட வேண்டும். பாய் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கிற விஷயமா என்பது வேறு.

மேனேஜர் ஜெர்மனிக் கடை ஒன்றில் ஆர்டர் போட்டார். சாமானைவிடக் கூரியர் கூலி அதிகம், மேலே சுங்கவரி. பார்சல் வரும்வரை பாய் சும்மா இருக்கவில்லை. முனையின் துளையில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகக் கட்டியிருந்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, மெல்லிய வீணைத் தந்தியை விட்டுக் குத்தி எடுத்தார்.

“இனிமே ஏசியில வழியற தண்ணியைப் பிடிச்சு ஊத்துங்க சார். உப்பு கிடையாது.”

“அது கையேட்டுல இல்லையே பாய்.”

“போர் தண்ணி மட்டும் இருக்கா?”

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தார். பாய் எட்டிப்பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார். “மேட் இன்... பிரேசில்.”

“அங்கேயும் பீட்டில் செஞ்சாங்க பாய்.”

“அங்கே செஞ்சா ஒரிஜினல், புதுப்பேட்டைன்னா டூப்ளிகேட்டு.”

மாட்டினார்கள். குமிழை அமுக்கியதும் தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, பின்னால் நின்ற ஆட்டோ டிரைவர்மேல் விழுந்தது. பாய் ஊசியால் முனையைத் தாழ்த்திவிட்டார். இரண்டாம் முறை தண்ணீர் சரியாக விழுந்தது.

பீட்டில் வைத்திருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.