இது ஏர்போர்ட் போகுமா?

"சார், இது ஏர்போர்ட் போகுமா?"

கேட்டவர் மெட்ரோ மேப்பின் மீதே சாய்ந்துகொண்டிருந்தார். அவர் தோளுக்கு அடியில் தேனாம்பேட்டை முதல் மீனம்பாக்கம் வரை நசுங்கிக் கிடந்தது. நான் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் நீட்டிப் படத்தைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "போகுமா போகாதா, அதைச் சொல்லுங்க சார்." போகும் என்றேன். "தேங்க்ஸ் சார்" என்றவர், என் கண்ணெதிரிலேயே அடுத்து நின்ற பையனிடம் திரும்பி, "தம்பி, இது ஏர்போர்ட் போகுமா?" என்றார். பையன் தலையை ஆட்டினான். ஆசாமிக்கு நிம்மதி.

எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. படத்தை நம்பவில்லை, சரி. என்னை நம்பவில்லை, அதையும் விட்டுவிடலாம். அந்தப் பையனின் இரண்டு காதிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஆட்டியது தாளத்துக்கு. அதை நம்பி ஒருவர் விமானம் பிடிக்கப் போகிறார்.

நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் வேறு விஷயத்துக்காக. சென்ட்ரலிலிருந்து ஆலந்தூருக்குப் பச்சை வழித்தடத்தில் போவது நல்லதா, நீலத்தில் போவது நல்லதா என்ற கேள்விக்கு இன்று ஒரு முடிவு கட்டிவிடுவதாக உத்தேசம். வருகிறேன்.

அதற்கு முன்னால் ஹாரி பெக். லண்டன் பாதாள ரயிலின் சிக்னல் பிரிவில் படம் வரைகிற வேலையில் இருந்தவர். 1931-இல் இவருக்கு ஒரு யோசனை வந்தது. பூமிக்கு அடியில் போகிறவனுக்கு மேலே எந்தத் தெரு எப்படி வளைகிறது என்பது எதற்கு? எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது, இவ்வளவுதானே? கோடுகளை நேராக்கினார், சாய்ந்தால் 45 டிகிரிதான் என்று வைத்தார், தேம்ஸ் நதியை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தார். முதலில் இதென்ன கூத்து என்று திருப்பி அனுப்பியவர்கள், 1933-இல் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. இன்று முக்கால்வாசி ஊர்களின் மெட்ரோ படம் அவர் போட்ட வழியில்தான் வரையப்படுகிறது.

ஆனால் பயணி படத்தைப் பார்ப்பான் என்று அவர் நினைத்தார் பாருங்கள், அங்கேதான் நம்மை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நமக்கு மேப் என்பது சாய்ந்துகொள்ள. கண்ணாடி போட்ட மேப் என்றால் தலை வாரிக்கொள்ள. ஒரு ஸ்டேஷனில் 'நீங்கள் இருக்கும் இடம்' என்ற புள்ளியை ஆளாளுக்கு விரலால் தொட்டுத் தொட்டு அந்த இடமே தேய்ந்து வெளுத்துவிட்டது. மற்ற புள்ளியெல்லாம் புத்தம் புதிதாக இருக்கிறது. படம் முழுவதிலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்தது அந்த ஒன்றுதான். அதை மட்டும் சரிபார்த்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்கிறோம்.

படத்தின் பக்கமும் கொஞ்சம் சிரமம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 2020-இல் சில ஸ்டேஷன்களுக்குத் தலைவர்கள் பெயர் வைத்தார்கள். 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.இராமச்சந்திரன் மத்திய மெட்ரோ' என்று முழுசாக எழுதினால் எழும்பூருக்கு இடமில்லை. கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்கு வைத்த பெயர் அதற்கும் சளைத்ததல்ல. பொடி எழுத்தை எட்டி நின்று படிக்கக் கண்ணாடி வேண்டும், கிட்டே போய்ப் படிக்கலாமென்றால் மேப்பில் ஒருவர் சாய்ந்திருக்கிறார்.

இதில் சென்ட்ரல் வட்டாரம் தனிக் கதை. பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன். தாம்பரம் வண்டிக்குப் பார்க். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மூர் மார்க்கெட். வெளியூர் வண்டிக்கு சென்ட்ரல். மெட்ரோவுக்கு இன்னொரு சென்ட்ரல். எல்லாம் ஒரே சாலையின் இரு பக்கம். "பார்க் எங்கேங்க?" என்று விசாரித்த ஒரு வெளியூர்க் குடும்பத்தை, பெட்டி படுக்கையோடு, மை லேடீஸ் பூங்காவுக்கு அனுப்பிவைத்தார் ஒரு நல்ல மனிதர். தெரியாது என்று சொல்வதை அவமானமாக நினைக்கிற நல்ல மனிதர்களால் நிறைந்த ஊர் இது.

சரி, ஆலந்தூர். இரண்டு வழித்தடமும் சென்ட்ரலில் பிரிந்து ஆலந்தூரில் சேர்கின்றன. நீலம் அண்ணா சாலைக்கு அடியில் போகிறது. பச்சை எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி என்று நாலு பேரை நலம் விசாரித்துவிட்டு வருகிறது. எங்கள் குடும்பத்தில் என் மாமனார் நீலம். சித்தப்பா பச்சை. கல்யாணமோ காதுகுத்தோ, இலை எடுத்ததும் இந்த வழக்கு ஆரம்பித்துவிடும்.

மாமனார் ரிட்டையர்டு ஆடிட்டர். எண்ணிக்கைதான் பேசுவார். "நடுவுல ஒம்பது ஸ்டேஷன். பச்சையில பதினாலு. இதுல பேச என்ன இருக்கு?"

"சம்பந்தி, நீங்க ஸ்டேஷனை எண்றீங்க. நான் உட்கார்ற இடத்தை எண்றேன்" என்பார் சித்தப்பா. கோயம்பேட்டில் பாதி வண்டி இறங்கிவிடும் என்பது அவர் கட்சி. நீங்கள் சென்ட்ரலிலேயே ஏறுகிறீர்களே, கோயம்பேடு வரை நிற்பீர்களா என்று கேட்டால், நின்று போய் உட்கார்வதில்தான் ஒரு சுகம் என்பார். தவிர, திருமங்கலம் தாண்டினால் வண்டி மேலே வந்துவிடுமாம், காற்றோட்டமாக இருக்குமாம். பூட்டிய ஏசி வண்டிக்குள் காற்றோட்டம் எங்கிருந்து வருமென்று மாமனார் கேட்பார். வெளிச்சத்தைச் சொன்னேன் என்று மாற்றிக்கொள்வார். நீலமும்தான் சின்னமலையில் மேலே வருகிறது என்பார் மாமனார். அது கடைசியில் வந்து என்ன பிரயோஜனம் என்பார் சித்தப்பா.

போன முறை யாரோ போனில் மேப்பைத் திறந்து கொடுத்துத் தொலைத்தார்கள். பெக் செய்த புண்ணியத்தில் அதில் தூரம் என்ற ஒன்றே கிடையாது. எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரே இடைவெளி. வளைந்து போகிற பச்சையும் நேரே போகிற நீலமும் பார்க்க அண்ணன் தம்பியாகத் தெரிகின்றன. சித்தப்பா கட்டைவிரலால் அளந்தார். பச்சை நாலு விரல். பிறகு நீலத்தை அளந்தார், ஐந்தரை விரல். நடுவில் திரையைப் பெரிதாக்கிவிட்டதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தார். மாமனார் போனைப் பிடுங்கித் தானே அளந்தார். அவர் விரல் பட்டு யாருக்கோ வீடியோ கால் போய்விட்டது. எடுத்தது சித்தி, அடுத்த அறையிலிருந்து. சங்கதியைக் கேட்டுவிட்டு, "ஆலந்தூர்ல நமக்கு யாரு இருக்கா?" என்றாள்.

யாருமில்லை. இருந்ததுமில்லை. மாமனார் வீட்டை விட்டு இறங்கினால் ஆட்டோ. சித்தப்பாவுக்கு ஸ்கூட்டர். மேப்பை இத்தனை கவனமாகப் படிக்கிற இரண்டு பேரை இந்த நகரத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தினமும் மெட்ரோவில் போகிற நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது" என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது. பிளாட்பாரத்திலும் என் பேச்சு எடுபடவில்லை, பந்தியிலும் எடுபடவில்லை.

இரண்டாம் கட்ட வேலை வேறு நடந்துகொண்டிருக்கிறது. மூன்று புது வழித்தடம், 115 கிலோமீட்டருக்கு மேல். அதில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற தடம் என்ன செய்கிறதென்றால், கோயம்பேட்டைத் தொட்டுக்கொண்டு, போரூர் வழியாகச் சுற்றி, ஆலந்தூருக்கு வருகிறது. இந்தத் தகவல் சித்தப்பாவுக்குத் தெரியவேண்டாமென்று வீட்டில் எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தேன். நேற்று அவரே போன் செய்தார்.

"தெரியுமாடா? கோயம்பேட்டுல மாறி, போரூர் வழியா வரலாமாம்!"

"போரூர் போயிட்டு யாராவது ஆலந்தூர் வருவாங்களா சித்தப்பா?"

"அதனாலதான்டா சொல்றேன். வண்டி காலியா இருக்கும்."