அமத்துங்கோ அப்பா

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரேம் வாங்கப் போகிறவர் முதலில் ஒரு வாய்மொழிப் பரீட்சைக்கு முகங்கொடுக்க வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் முதற்கேள்வியிலேயே சறுக்கினார்.

"டீடீஆர் மூண்டோ நாலோ, அங்கிள்?"

"எட்டு."

"அது ஜீபி. டீடீஆர் எத்தினை?"

"நல்லதாப் பாத்து ஒண்டைத் தாருமன் தம்பி."

தம்பி தரவில்லை. பழையதைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னான். அவன் சொன்னது நியாயம். டீடீஆர்3 துண்டில் 240 முனைகள், டீடீஆர்4இல் 288. இரண்டும் ஒரே நீளம். வெறுங்கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். டீடீஆர்5இலும் 288தான், ஆனால் அடிவிளிம்பில் உள்ள வெட்டு மூன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். பிழையான துண்டு பொந்துக்குள் இறங்கவே கூடாது என்பதற்காகப் பொறியியலாளர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. அதைப் பார்க்காமல் வாங்கிப்போய், பிறகு அரத்தை எடுத்து வெட்டைப் பெருப்பிக்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. யோசிக்கலாம், செய்யக் கூடாது.

பெரியவர் பழைய துண்டை வீரகேசரித் தாளில் சுற்றிக்கொண்டு போய்க் காட்டி, அதே சாதியில் இன்னொன்று வாங்கி வந்தார். பூட்டும் வைபவத்தை ரொறன்ரோவிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் நடத்திவைத்தார். அவருடைய முதல் உபதேசம் நிலைமின்சாரத்தைப் பற்றியது. கையில் பட்டி கட்டாமல் தொட்டால் சில்லு செத்துவிடும் என்றார். கனடாவின் குளிர்காலக் காய்ந்த காற்றில் அது பெரிய பயம்தான். வெள்ளவத்தையிலோ கதவு, சுவர், பப்படம் எல்லாமே ஈரம். ஆபத்து முற்றாக இல்லாமற் போகாவிட்டாலும் மிகவும் குறைவு. வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டால் போதும். ஆனால் தகப்பனாருக்கு அதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

பூட்டினார். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு.

தொடர்மாடியில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டு அன்ரி "வைரஸ்" என்றார். விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே படுத்துவிட்ட மெசினில் அவர் வைரஸைக் கண்ட விதம் ஆராயத்தக்கது. மேல்மாடிக்காரர் மொனிட்டரை மாற்றச் சொன்னார். பூட்டிய நேரம் ராகுகாலம் என்பதை மூன்றாமவர் கலண்டரைக் காட்டி நிரூபித்தார். மதர்போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்று எழுதிய இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்ததை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நோய் நினைவகத்தில்தான் என்று மெசினே வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தது.

துண்டு முழுதாக இறங்கவில்லை, அவ்வளவுதான். பொந்துக்குள் ஒவ்வொரு முனைக்கும் ஒரு நுண்ணிய சுருள்தகடு காத்திருக்கிறது. 288 தகடுகளும் ஒன்றுசேர்ந்து எதிர்க்கும்போது மெல்லிய கைக்கு வேலை நடக்காது. "அமத்துங்கோ அப்பா, அமத்துங்கோ!" என்று ரொறன்ரோ கத்தியது. ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை போட்டு, டீவிக்கு லேஸ் துணி போர்த்தி வாழ்ந்த தலைமுறை அது. இலத்திரனியல் சாமானைப் பலத்தோடு அமத்து என்றால் எப்படி அமத்துவார்? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். ‘டக்’ என்ற சத்தத்தோடு கொளுவி தானாக நிமிர்ந்தது. திரையும் வந்தது.

அப்படியும் வராவிட்டால் பழைய துண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். முனைகளில் பூசியிருப்பது தங்கம்; அது துருப்பிடிக்காது. ஆனால் கடற்காற்றின் உப்பீரமும் தூசும் விரற்பிசுக்கும் அதன்மேல் படலமாகப் படியும். ரயில்பாதைக்கு அப்பால் உடனே கடல் என்ற ஊரில் இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. மென்மையான வெள்ளை அழிறப்பரால் இலேசாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டால் பெரும்பாலும் சரிவரும். உரஞ்சித் தேய்த்தால் தங்கமும் போய்விடும்.

கொட்டாஞ்சேனையில் கையைப் பற்றிய பிரச்சினையே இல்லை. ஜம்பட்டா வீதிப் பக்கத்துக் கொமினிகேஷன் முதலாளி போட்டோக்கொப்பி மெசினுக்குள் சிக்கிய தாளை வருடக்கணக்காக இழுத்துப் பழகியவர். நான்கு ஜீபி இருந்த கணினியில் இன்னொரு நான்கை ஒரே அமத்தில் இறக்கிவிட்டார். ஆனால் திரை காட்டியது மூன்றரைக்குக் கிட்டத்தான். "மிச்சத்தை ஆரோ திண்டிட்டான்!" என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனார்.

தின்றது அவருடைய விண்டோஸ் 7. அது 32 பிட் வகை. 32 பிட்டால் 4,294,967,296 முகவரிகளைத்தான் எண்ண முடியும். அதாவது நான்கு ஜீபி. அதிலும் ஒரு பங்கைக் கிராஃபிக்ஸ் கார்ட் முதலான உறுப்புகள் தமக்கென்று பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே எத்தனை துண்டு செருகினாலும் அதன் கணக்கில் வராது. 64 பிட் விண்டோஸ் போட்டால் எட்டும் தெரியும் என்று விளங்கப்படுத்தினார்கள்.

"போட்டால் பாமினி நிக்குமோ?"

பாமினி எழுத்துரு அதிலும் வேலைசெய்யும். பழைய பிரிண்டர்தான் சந்தேகம். விண்ணப்பப் படிவமும் கலியாணக் காட்டும் அடித்துப் பிழைக்கிற கடையில் அந்தச் சந்தேகமே போதும், முதலாளி மாற்றவில்லை. மேலதிகத் துண்டையும் கழற்றவில்லை. வருகிறவர்களிடம் "எட்டு ஜீபி மெசின்" என்றுதான் சொல்கிறார். திறந்து பார்த்தால் எட்டு இருக்கத்தான் செய்கிறது.