கண்ணுக்குத் தெரியாத விளக்கு

கேள்வி: மின்சாரம் கொடுத்தால் அகச்சிவப்பு ஒளி தரும் மெல்லிய படலங்களாமே! டிவி ரிமோட்டிலேயே அந்த ஒளி இருக்கிறது. இதில் என்ன புதுசு?
– வாசகர், பூன் லே

பதில்: ரிமோட் விளக்கின் அலைநீளம் சுமார் 0.94 மைக்ரோமீட்டர். வாயுக்களைக் கண்டறிய அது போதாது: கரியமில வாயுவோ 4.26 மைக்ரோமீட்டரில் கூப்பிட்டால்தான் உரக்க 'ஆஜர்' சொல்லும். அந்த நீளத்துக்குச் சின்னதாக விளக்கு செய்வதுதான் பெரிய பாடு.

கைகொடுப்பது கருப்புப் பாஸ்பரஸ். பல அடுக்காக இருக்கையில் அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 0.3 எலக்ட்ரான்வோல்ட். மின்சாரம் ஏற்றிவிட்ட எலக்ட்ரான் அந்த இடைவெளியில் இறங்கும்போது 4 மைக்ரோமீட்டர் அளவில் ஒளி பிறக்கிறது. அடுக்கை உரிக்க உரிக்க அலைநீளம் குறையும். உரிக்கும் கருவி? ஒட்டுநாடா! 2004-ல் மான்செஸ்டரில் கிராஃபீன் என்னும் மெல்லிய கரிப்படலத்தைப் பிரித்ததும் அதே நாடாதான். 2010-ல் அந்தக் கிராஃபீன் ஆய்வுக்கு நோபல் பரிசு.

ஈரக்காற்று பட்டால் கருப்புப் பாஸ்பரஸ் கெட்டுவிடும். சிங்கப்பூரில் அதை வெறும் மேனியாக விடவே கூடாது. போரான் நைட்ரைடு படலம் போர்த்த வேண்டும்.

பூன் லேயில் 179 பஸ் ஏறினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வாங் சீஜியே குழு 2013-ல் அங்கே ஒற்றைக் கிராஃபீன் படலத்திலேயே நடு அகச்சிவப்பு வரை பிடிக்கும் உணரியைச் செய்தது. ஒளியைப் பிடிப்பதைவிடத் தருவது கடினம். இயற்பியல் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்!