ஆமென் சொல்வதற்குள்…

கே: 'ஆண்டவரே, பொறுமையைத் தாரும்' என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்படி ஜெபிக்கத் தொடங்கிய நாள் முதல்தான் மருமகள் அதிகமாகச் சோதிக்கிறாள். ஏன்? (பாளையங்கோட்டை வாசகி)

ப: மருமகளிடம் கேட்டுப் பார்த்தீர்களா? அவரும் அதே ஜெபத்தைத்தான் செய்துகொண்டிருப்பார்.

கே: ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிக்குள் கண் சொருகிவிடுகிறது. பாவமா? (நாகர்கோவில்)

ப: கெத்செமனேயில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் தூங்கினார்கள். அதற்காக யாரையும் சீடர் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. லிசியே மடத்துக் குழந்தை தெரேசாள், ஏழு ஆண்டு ஜெப நேரத்தில் தூங்கியதாகத் தானே எழுதியிருக்கிறார். தூங்குகிற பிள்ளையையும் பெற்றோருக்குப் பிடிக்கத்தானே செய்யும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. கொட்டாவி விட்டால் விடுங்கள். குறட்டை மட்டும் அடுத்தவர் ஜெபத்தைக் கெடுக்கும்.

கே: ஜெபிக்க உட்கார்ந்தால் குக்கர் விசில் அடிக்கிறது. இல்லத்தரசிக்கு ஏது தியானம்? (தூத்துக்குடி)

ப: 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு சமையல்காரர் இருந்தார். முன்னாள் சிப்பாய், காலில் ஊனம். சமையல் வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவிலும் பீடத்தின் முன் முழங்காலில் நிற்கும் அதே அமைதி தனக்கு உண்டு என்றார். அவருடைய கடிதங்களை இன்றும் உலகம் படிக்கிறது. அவர் வைத்த சூப்பின் ருசியைப் பற்றித் தகவல் இல்லை.

கே: கோபமாகக் கடவுளிடம் சண்டை போட்டு ஜெபிக்கலாமா?

ப: 88ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். புலம்பித் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளை வேண்டி உதடு மட்டும் அசைய அழுத அன்னாளை, குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியர் ஏலி நினைத்தார். ஆசாரியர் தப்பாக நினைத்தாலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கே: எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் இரவு பத்துக்கும் ஒலிபெருக்கி அலறுகிறதே?

ப: அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் இயேசு. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் அல்ல.

கே: வருஷக்கணக்காக ஜெபித்தும் பதிலே இல்லையே! (மார்த்தாண்டம்)

ப: அயர்லாந்தில் ஒரு சிறுமி நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தாள். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண். அழுகை. வளர்ந்து 1895இல் இந்தியா வந்தாள். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டவிருந்த பெண் குழந்தைகளை மீட்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் அவர்தான். சேலை கட்டி, தோலுக்குச் சாயம் பூசி நம் பெண்களுக்குள் கலந்தபோது அந்தப் பழுப்புக் கண்தான் காட்டிக்கொடுக்காமல் காத்தது. கதை அத்தோடு சுபம் இல்லை. 1931இல் விழுந்து அடிபட்டார். சுகம் வேண்டி எத்தனையோ பேர் ஜெபித்தும், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அதற்கான விளக்கத்தை யாரும் அவருக்குத் தரவில்லை. படுத்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

கே: ராத்தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. ஜெபம் போதுமா, டாக்டரைப் பார்க்கணுமா?

ப: இரண்டும். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான். நாளைக்கே போங்கள்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்குப் பொறுமை வந்துவிட்டதா?

ப: காலையில் பத்து நிமிடம் ஜெபிக்கிறேன். முன்பெல்லாம் ரேஷன் கடை வரிசையில் இரண்டாவது நிமிடமே கத்திவிடுவேன். நேற்று ஏழு நிமிடம் தாங்கினேன்.