மாத்திரை போட்டு வீட்டை ஆட்டிவைப்பது எப்படி?

மூட்டுவாதத்துக்கோ லூபஸுக்கோ தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போடும் குடும்பத் தலைவர்களுக்கான யோசனைகள் இவை.

காலை டிபனுக்குப் பிறகு போடச் சொல்லியிருப்பார் டாக்டர். உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசால் விடியற்காலையில்தான் ஏறும். அதை ஒட்டிப் போட்டால் ராத்திரித் தூக்கம் கொஞ்சமாவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. உங்களுக்கு எதற்குத் தூக்கம்? ராத்திரியே போடுங்கள். இரண்டரை மணிக்குக் கண் பளிச்சென்று திறக்கும். பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கலாம். சத்தத்தில் மனைவி எழுந்து வந்தால், கல்யாணப் பந்தியில் உங்கள் சித்தப்பாவைக் கவனிக்காமல் விட்ட விவகாரத்தை அப்போதே பேசித் தீர்த்துவிடலாம்.

பசியும் எடுக்கும். எட்டாவது இட்லியை யாராவது பார்த்தால், பார்த்த குற்றத்துக்கே சண்டை போடலாம். முகம் உப்பிப்போனதைப் பார்த்து, "நல்லா சதை போட்டுட்டியேப்பா" என்று பெரியம்மா சந்தோஷப்பட்டால் அழுதுவிடுங்கள்.

அளவு கூடக் கூட ஆட்டமும் கூடும். 1972இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், இதன் இணை மருந்தான பிரெட்னிசோனைத் தினம் 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு வந்தது, 80 மி.கி.க்கு மேல் போனவர்களில் 18.4 சதவீதம். 1956இல் வந்த 'பிக்கர் தேன் லைஃப்' படத்தில், இதே வகை மருந்தான கார்ட்டிசோனை அளவுக்கு மீறி விழுங்கும் பள்ளி ஆசிரியராக வரும் ஜேம்ஸ் மேசன், ஆபிரகாமைப் போல மகனைப் பலியிடக் கிளம்பிவிடுகிறார். கடவுள்தான் ஆபிரகாமைத் தடுத்தாரே என்கிறாள் மனைவி. கடவுள் செய்தது தப்பு என்கிறார் இவர்!

மனைவி என்றதும் ஞாபகம் வருகிறது: டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போகாதீர்கள். தனியாகப் போய் முட்டிவலியை மட்டும் சொல்லுங்கள். அவர் வந்தால் அண்டா, தூக்கம், திடீரென்று கடை வைக்கப் பேசிய முன்பணம் எல்லாம் வெளியே வரும். டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து சேர்க்கலாம், மனநல மருத்துவரிடமும் அனுப்பலாம். ஆட்டம் அதோடு முடிந்துபோகும்.

கோபத்தில் மாத்திரையைத் தூக்கியெறிவதில் மட்டும் கிண்டல் வேண்டாம். பல வாரம் போட்டவருக்கு அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

"நான் பேசலை, மாத்திரை பேசுது" என்ற வசனத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அளவு 5 மி.கி.க்கு இறங்கிய பிறகும் செல்லும். மருந்துச் சீட்டை வீட்டில் யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?