போடிமெட்டு வளைவுகளும் சிக்னல் தேர்வும்: ஓர் ஆய்வு

ரயில்வே சிக்னல் பொறியியலில் தேர்வு எழுதுவோர் இரண்டு திசைகளில் கும்பிடுவது மரபு. ஒன்று, 1957 முதல் சிக்னல் பயிற்சி நிறுவனம் நடக்கும் செகந்திராபாத். மற்றொன்று, 1912 முதல் சிக்னல் பொறியாளர் சங்கம் இயங்கும் லண்டன். இவ்விரண்டினும் மேலான குருகுலம் போடிநாயக்கனூரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அஃது எங்ஙனம் எனின், பாடத்தின் முதல் விதி இது: எது பழுதானாலும் சிக்னல் சிவப்பில்தான் போய் நிற்க வேண்டும். 1872இல் வில்லியம் ராபின்சன் காட்டிய வழியில், தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் ஏறினால் ரிலே விழும். தண்டவாளம் முறிந்தாலும் விழும். பேட்டரி தீர்ந்தாலும் விழும். விழுந்தால் சிவப்பு. இவ்விதியைப் போடியளவு கடைப்பிடித்த ஊர் வேறில்லை. 1928இல் வந்த மதுரைத் தடத்தில், அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடி பயணிகள் ரயில் வந்தது 2023 ஜூன் 15இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் போடி நிலையத்தில் ஒரு பயணிகள் ரயில்கூட சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை. பாதுகாப்பு என்றால் அது பாதுகாப்பு!

அடுத்த பாடம், ஒற்றைத் தடம். எதிர் நிலையம் 'லைன் கிளியர்' தராமல் வண்டியை அனுப்பக் கூடாது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு பிளாக்கில் ஒரு ரயில்தான். இதற்கான செய்முறைக் கூடம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுடன் போடிமெட்டுச் சாலையில் இருக்கிறது. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களையும் அவர்களுடைய தூக்குவாளிகளையும் அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப், வளைவுக்கு முன் இரண்டு முறை ஹாரன் அடிக்கும். மேலிருந்து பதில் ஹாரன் வந்தால், இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்கும். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. லண்டன் சங்கம் தேர்வு வைப்பது அக்டோபரில். அப்போது மெட்டில் மூடுபனியும் இலவசம். நம் ரயில்வே விதிப்படி பனிமூட்டத்தில் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால், 10 மீட்டர் இடைவெளியில், டெட்டனேட்டர் எனும் எச்சரிக்கை வெடிகள் இரண்டைத் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். ஜீப்புக்கு அந்த வசதி இல்லை, பக்கத்தில் இருப்பவர் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்.

மறுப்பாளர் ஒரு தடை எழுப்புவர். பல வண்ண விளக்குச் சிக்னலில், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டுமே, மெட்டில் அது எங்கே என்பர். நாலு விரற்கடை இருக்கிறது என்க.

இன்னொரு தடைக்கு மட்டும் விடை எளிதன்று. ரயிலில் பதில் வராவிட்டால் நிற்க வேண்டும். மெட்டில் பதில் ஹாரன் வராவிட்டால் வளைவு காலி என்று பொருள், ஜீப் ஏறிவிடும். எதிர் வண்டியின் ஹாரன் பழுதாகியிருக்குமோ என்று எந்த ஓட்டுநரும் யோசிப்பதில்லை. விடைத்தாளில் இப்படி எழுதினால் பூஜ்யம்தான். ஆகவே மாணாக்கர் தேர்வுக்கு முந்தைய வாரம் போடிமெட்டு ஜீப்பில் ஏறாதிருப்பது நலம். அவசரமென்றால் பஸ்ஸில் போகலாம், பின் இருக்கையில், கண்ணை மூடிக்கொண்டு.