பச்சை வயிற்றுக்குள் மஞ்சள் குட்டி

கேள்வி: அரை நூற்றாண்டுக்கு முந்தைய ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைக்குக் காசைக் கொட்டுகிறார்களே, பழைய நினைப்புதானே காரணம்?

பதில்: நினைப்பு மட்டும் என்றால் தொடரை மறுபடி பார்த்தாலே போதுமே! 1965-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த அந்தத் தொடரில் நடித்தவர்களே பொம்மைகள். பறந்தவையும் மாதிரி விமானங்கள்தான். ஆகவே ‘டிங்கி’ என்ற பெயரில் உலோகத்தில் வார்த்து விற்ற ‘தண்டர்பேர்ட் 2’ பொம்மை விமானம் நிஜத்தின் நகல் அல்ல, திரையில் கண்டதன் உடன்பிறப்பு. அதன் பச்சை வயிற்றைத் திறந்தால், உள்ளே ஒரு குட்டி மஞ்சள் நீர்மூழ்கி. எளிதில் தொலைவது அதுதான். அது பத்திரமாக இருந்தால் விலை ஏறுவது நியாயமே. புதிதாகவும் செய்து விற்கிறார்களே என்பீர்கள். விற்கட்டும். டிங்கி பொம்மைகளைச் செய்த லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டுவிட்டது; அன்றைய பிள்ளைகள் கையில் உருண்ட உலோகம் புதிதாக வராது. பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் தைரியமாக வாங்குங்கள். தயவுசெய்து புதுப் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்!